வாக்கியத் தாளோடு வந்த தம்பி தங்கைகளுக்கு

போன மாதம் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் மைக்கும் மடிக்கணினியுமாக வந்து உட்கார்ந்தீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கக் கணினியைப் பழக்குகிறோம், அதற்குக் குரல் வேண்டும் என்றீர்கள். நல்ல காரியம். அதனால்தான் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேரை நானே காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்றைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களே ஒரு வாக்கியத் தாள், அதை அடுத்த முறை கொண்டு வராதீர்கள்.

முதல் வாக்கியமே சட்டசபையில் யாரோ வெளிநடப்புச் செய்ததைப் பற்றி, பதினெட்டு வார்த்தை. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய எங்கள் அக்கா மூன்று இடத்தில் மூச்சு வாங்கித்தான் அதை முடித்தார், நடுவில் ‘செய்திருந்தனர்’ என்பதை ‘செஞ்சிருந்தாங்க’ என்று சொல்லிவிட்டார். உங்களில் ஒருவர் ‘பரவாயில்ல பாட்டி, ஓகே’ என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பரவாயில்லை என்று விடுகிற விஷயமா தம்பி இது? நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன், விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டில் பேர் வாசித்தவன். எங்கள் ஆட்களின் பேரைக் காதில் விழுந்தபடி யாரோ எழுதிவைத்ததால், அப்பன் பேர் மூன்று பிள்ளைகளின் ஐசியில் (அடையாள அட்டையில்) மூன்று விதமாக இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். வாய் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று என்றால் அந்த வில்லங்கம் எத்தனை வருஷம் துரத்தும் என்பதும் தெரியும். கணினிக்கும் இதே கதைதான். ஒலியையும் எழுத்தையும் ஜோடியாகக் கொடுத்தால், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று அது பழகிக்கொள்கிறது. ‘செஞ்சிருந்தாங்க’ என்ற ஒலிக்குப் பக்கத்தில் ‘செய்திருந்தனர்’ என்று வைத்தால் அது தப்பாகத்தான் பழகும். ஒன்று திரும்பப் பதியுங்கள், இல்லாவிட்டால் தாளில் உள்ளதை அக்கா சொன்னபடி மாற்றி எழுதுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது.

அப்புறம், இன்னொருவர் ‘வாளப்பளம்’ என்று சொன்னதற்கு ‘ழ சரியாச் சொல்லுங்க’ என்று திருத்தினீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு இந்தக் கணினியிடம் பேசப்போகிறவர் அவர்தானே, அவர் ழகரம் அதற்குத் தெரியாவிட்டால் யாருக்காக இந்த வேலை? எந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று கணினிக்குச் சொல்லும் உச்சரிப்பு அகராதியில் ‘வாழைப்பழம்’ என்பதற்கு நேராக இரண்டு உச்சரிப்பையும் போட்டுவிடுங்கள், அகராதி அதற்குத்தான் இருக்கிறது. தமிழில் எழுத்தை மட்டும் நம்பவும் முடியாது. கல், அங்கே, அகல் மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வருகிற ப வேறு, பெலாச்சானில் (இறால் விழுது) வருகிற ப வேறு. இந்த ஊர்ப் பேச்சில் மலாய்ச் சொல் இல்லாமல் நாலு வரி ஓடாது, உங்கள் தாளிலோ ஒன்றுகூட இல்லை.

எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்ததும் எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் 1980களில் டிமிட் என்ற ஒலித்தொகுப்புக்காக 630 பேரைப் பதிந்தார்கள், ஆளுக்குப் பத்து வாக்கியம். அதில் இரண்டுதான் எல்லாருக்கும் பொது, ஊருக்கு ஊர் பேச்சு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. மற்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு ஒலி தனக்கு முன்னும் பின்னும் வரும் ஒலிகளைப் பொறுத்து மாறும் இல்லையா, அந்தச் சேர்க்கைகள் நிறையக் கிடைக்க வேண்டுமென்றால் வாக்கியங்கள் விதவிதமாக இருக்க வேண்டும்.

எண்ணை எழுத்தால் எழுதுங்கள். தாளில் 12.50 என்று ரிங்கிட் கணக்கு ஒன்று இருந்தது. ஒருவர் ‘பன்னெண்டு வெள்ளி அம்பது காசு’ என்றார், இன்னொருவர் ‘பன்னிரண்டு ரிங்கிட் ஐம்பது சென்’, அக்காவின் மருமகன் மலாயிலேயே ‘டுவா பெலாஸ் ரிங்கிட் லிமா பூலோ’. மூன்றுக்கும் எதிரே தாளில் அதே 12.50!

படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் ராகத்தைத்தான் அவர்கள் பாடுவார்கள். படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேளுங்கள், பேசட்டும், பிறகு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வேலை கூடும்தான். ஆனால் பேச்சு பேச்சாகக் கிடைக்கும்.

வராதவர்களை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொன்னீர்களாம். அது ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். பதிவின் தரம் 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத கோப்பு என்று நீங்கள்தானே மண்டபத்தில் சொன்னீர்கள்? நேரில் போய்ப் பதியுங்கள், வழி காட்ட நான் வருகிறேன். அவர்கள் குரல் எங்கே போகும், யார் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதையும் அவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

நான் நாற்பது வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்கிற நீளம்தான். ‘மங்கைக் கழுவிக் கவுத்து வை.’ (மங்கு என்றால் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்.) ‘ஒட்டுப்பால் மூட்டையை லாரியில் ஏத்தியாச்சா?’ ‘செம்பனைக் குலை விலை இறங்கிப்போச்சாம்.’ இந்த மாதிரி. ஙகரமும் ஞகரமும் குறைவாக இருக்கும், அதற்கு நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை தகரக்கூரையில் இறங்கினால் பேசுவது எனக்கே கேட்காது. மண்டபத்து விசிறியை நிறுத்த ஐயரிடம் சொல்லி வைக்கிறேன்.