பெரியம்மா கேட்டது வேறு, நீ சொன்னது வேறு

தெலுக் இந்தான், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே நிறுத்தி, "அம்மா, இதில் எது முதலில் நடந்தது?" என்று கேட்கிறாய். நான் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. காகிதத்தை உன்னால் குறுக்கே நிறுத்த முடியாது.

பெரியம்மாவுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. தீபாவளிக்கு வந்தவர்களைச் சாய்ந்த கோபுரம் பார்க்க அழைத்துப் போனோமே, அன்று பிடித்த பயம். பிள்ளைகள் எல்லோரும் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டார்கள். நீ மட்டும் காணாமல் போன ஆட்டைத் தேடுகிறவன் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "இது விழுந்துவிடுமா தம்பி?" என்று பெரியம்மா கேட்டாள். "1885இல் கட்டியது பெரியம்மா, நம் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள்" என்று சொன்னால் முடிந்தது. நீயோ, "எத்தனை வருடத்துக்குள் என்று கேட்கிறீர்கள்?" என்றாய்.

அதோடு விட்டாயா? அடியில் இளகிய மண், உள்ளே தண்ணீர்த் தொட்டி, அதன் பாரம், வெளியே எட்டு அடுக்காகத் தெரிந்தாலும் உள்ளே மூன்றே மாடி என்று அரை மணி நேரம் விளக்கினாய். அவள் காதில் விழுந்தது "இளகிய மண்" மட்டும்தான். பெரியப்பாவை விரட்டிக் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னாள். ரொட்டி சானாய் சாப்பிடும்போதுகூட கோபுரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

மின்விசிறி கதையையும் சொல்லிவிடுகிறேன். "இந்த விசிறி கடகடவென்று அடித்துக்கொள்கிறது" என்று நான் சொன்னது, புழுக்கமாக இருக்கிறதே என்கிற சலிப்பில். நீ அதைக் கழற்றி, நாலு மணி நேரம் கூடம் முழுவதும் திருகாணி பரப்பி, சத்தத்தை நிறுத்திவிட்டாய். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது உன் அப்பாவின் குறட்டை தெளிவாகக் கேட்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ என்னைத் தோற்கடித்துவிட்டாய். ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பெயர் இருந்த காலத்தில் தொடங்கி 27 வருடம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். விடியுமுன் பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பு, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓட்டம். பட்டையில் போடும் வெட்டை ஏன் இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் இறக்குகிறோம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கங்காணி அப்படிக் காட்டினார், வெட்டினேன். நீ கேட்டாய். நள்ளிரவுவரை படித்துவிட்டு வந்து என்னை எழுப்பியும் சொன்னாய்: பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராகப் போகவில்லை, மேலே போகப் போகக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கின்றன, அதனால் இடமிருந்து வலமாக 30 டிகிரி இறக்கி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழுக்கத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டு வேலை என்றாய். இத்தனை வருடம் அந்த இருட்டுக்காக நான் திட்டிய தோட்டத்துக் குமாஸ்தா கிராணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு, "மரத்தைக் காயப்படுத்தாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட வேண்டுமாம், இருட்டில் எப்படி அளந்தீர்கள்?" என்றாய். கத்தியின் சத்தம் மாறும் என்றேன். முதலில் சரசரவென்று போகும், உள்பட்டை நெருங்கினால் சத்தம் ஈரமாகிவிடும், அங்கே கையை நிறுத்த வேண்டும். நீ வெகுநேரம் பேசவில்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஊரில், மறுநாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தாய். நான் வெட்ட, நீ கைப்பேசியைப் பட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாய். கொசு கடித்தும் அசையவில்லை. என் வேலையை அவ்வளவு உன்னிப்பாக யாரும் கவனித்ததில்லை, கங்காணி உட்பட.

இப்போது முக்கியமான செய்தி. அடுத்த சனிக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். போன முறை பாகான் டத்தோவிலிருந்து வந்தவர்கள், "பெண்ணைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதற்கு, "ஒரு மணி நேரத்தில் எப்படிச் சொல்வது?" என்றாய். நியாயமான பதில்தான். ஆனால் அவர்கள் பாதி தேநீரோடு எழுந்துவிட்டார்கள். இந்த முறை வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார். நான் தலையசைத்தால் பேசு.

இந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீ கோபுரத்தின் முன் நிற்கும் படத்தைக் கொடுத்திருந்தேன். நேற்று போன் செய்தார். பெண் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "இதில் கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, படம் எடுத்தவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறார்?"

படம் எடுத்தது நான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீயே வந்து சொல்லிக்கொள்.

வரும்போது பினாங்கு ஜாதிக்காய் ஊறுகாய் கொஞ்சம் வாங்கி வா. கொஞ்சம் என்றால் எத்தனை கிராம் என்று கேட்டுப் போன் செய்யாதே.

அன்புடன்,
அம்மா