ஆளில்லையா, அழைக்கத் தெரியவில்லையா?

ஆசிரியருக்கு,

மென்பொருள் துறைக்குத் தகுதியான ஆட்கள் கிடைப்பதில்லை என நிறுவனங்கள் குறைப்படுவதாகக் கடந்த ஞாயிறு இதழில் செய்தி வெளியாகியிருந்தது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. மலையகத்துப் பிள்ளைகளும் கணினிப் பட்டத்துடன்தான் வெளியே வருகிறார்கள். ஆள் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் முறைதான் சரியில்லை. சென்ற வருடம் நான்காம் சுற்று நேர்முகப் பரீட்சைக்காக ஹட்டனிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் கொழும்பு புறக்கோட்டைக் குழாயடியில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். வெள்ளைப் பலகையில் 'பைனரி ட்ரீ'யை, அதாவது தரவுகளை மரக்கிளைபோல் இரண்டிரண்டாகப் பிரித்து அடுக்கும் அமைப்பை, இடவலமாக மாற்றிக் காட்டச் சொன்னார்கள். பேனாவில் மை வேறு இல்லை. வேலையோ, சம்பளப் பட்டியல் மென்பொருளில் வரும் பிழைகளைத் திருத்துவது! அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. போக்குவரத்துக்கு அம்மாவின் இரண்டு நாள் சம்பளம் போனது. இன்றுவரை 'இல்லை' என்றுகூடப் பதில் இல்லை.

எத்தனை சுற்று, சம்பளம் எவ்வளவு என்பதை விளம்பரத்திலேயே போடட்டும். கடைசிச் சுற்றைத் தவிர மற்றவற்றை இணையவழியில் வைத்து, செய்யப்போகும் வேலையிலிருந்தே ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பார்க்கலாம். தெரிவாகாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லையே.

வேலை தேடும் பட்டதாரி,
ஹட்டன்.