உன் பங்குக் கரும்பு

சிவகாசி,
மார்கழி 18.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

நம் தெரு நூலகத்தில் கையால் செய்த பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்குப் போட்டி நடந்ததைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியபோது நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். மீதியை இப்போது எழுதுகிறேன்.

அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் மூன்று நடுவர்களில் என்னையும் ஒருவனாக அமர்த்தினார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இரவு பகலாகப் பொங்கல் வாழ்த்து அடித்த காலம் உனக்கும் நினைவிருக்கும். நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது ரெஜிஸ்டர் எனப்படும் அந்தப் பொருத்தம் மயிரிழை விலகினாலும் பானையின் விளிம்பு இரண்டாகத் தெரியும். அந்தத் தாளைக் கழித்துவிடுவோம். அப்படிக் குறை தேடியே பழகிய கண்ணோடுதான் அந்த மேசையின் முன் உட்கார்ந்தேன்.

வந்திருந்தவை நாற்பத்தொரு அட்டைகள். பெரும்பாலானவற்றில் பானை, கரும்பு, சூரியன். நெல்மணிகளை ஒட்டியவர்கள் பலர். எடுத்துப் பார்ப்பதற்குள் பாதி மணிகள் உதிர்ந்தன. ஒரு சிறுமி கடையில் வண்ணம் வாங்காமல் மஞ்சளைக் கரைத்துச் சூரியனைத் தீட்டி, அதன் நடுவில் சுண்ணாம்பு நீரைத் தொட்டு வைத்திருந்தாள். மஞ்சள் சிவந்து உதயச் சூரியனாகவே நின்றது. ஆரத்தித் தட்டில் எத்தனையோ முறை பார்த்த நிறந்தான் என்றாலும், தாளில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நான் முதல் பரிசுக்குச் சொன்னது வேறொன்று. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் அண்ணனுக்காகச் செய்தது. கணக்கு நோட்டின் அட்டையை மடித்து, வெளியே ஒரு பேருந்தை வரைந்திருந்தான். சக்கரங்கள் கோணல், படிக்கட்டில் பையுடன் அண்ணன் நிற்கிறான். உள்ளே ஒரே வரி: 'உன் பங்குக் கரும்பை நான் தொடமாட்டேன், வந்துவிடு.'

மற்ற இரு நடுவர்களும் ஒரு மயில் படத்தைத் தேர்ந்தார்கள். நேர்த்தியான கை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். வாழ்த்து அட்டை என்பது ஒருவர் கையில் போய்ச் சேர்வதற்காகச் செய்யப்படுவதல்லவா? 1949இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையின் படம்கூட, போருக்குப் பின் தன் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றி சொல்வதற்காகச் செக்கோஸ்லோவாகியாவின் யிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, தாள் கிடைக்காமல் கண்ணாடித் துண்டில் தீட்டியதுதான் என்று எடுத்துச் சொன்னேன். பேருந்துக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெறுபவரின் பெயரையும் அட்டையோடு எழுதித் தர வேண்டும், அதற்கும் மதிப்பெண் வேண்டும் என்று அடுத்த ஆண்டுக்காக இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லா அட்டைகளையும் பொங்கல் முடியும்வரை நூலகச் சுவரில் வைக்க எண்ணியிருந்தார்கள். பேருந்தை மட்டும் கேட்டு வாங்கி, அந்தப் பையனுடன் அஞ்சலகம் சென்றேன். உறையின் மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகி, புக் போஸ்ட் என்று எழுதிக் குறைந்த செலவில் வாழ்த்து அனுப்பிய பழக்கத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் வழியில் விழுந்துவிடும் என்று பசை தடவி, இரண்டு முறை அழுத்தி ஒட்டினான்.

இத்துடன் இருக்கும் அட்டை உனக்காக நானே செய்தது. அந்தச் சிறுமியிடம் கற்ற மஞ்சளும் சுண்ணாம்பும்தான். கோலம் அம்மா போட்டது. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், ஜன்னலோரம் வைக்காதே.

அன்புடன்,
அப்பா