கழலும் செயினும் கலங்கும் படமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய நான்கு படங்களும் கிடைத்தன. மகள் பிஎம்எக்ஸ் (குதிக்கவும் வித்தை காட்டவும் ஆன சின்னச் சைக்கிள்) ஓட்ட ஆரம்பித்துவிட்டாள், அவளுக்குப் பழைய வண்டி ஒன்று வாங்கியாயிற்று, பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு நீயும் கிளம்பிவிட்டாய். நல்ல கூட்டணி! குதித்து இறங்கினால் செயின் ஏன் கழல்கிறது, படத்தில் அவளை ஒட்டி ஏன் இன்னொரு நிழலுருவம் நிற்கிறது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன் பிரேமைப் பார்த்துவிடு. அது சரியில்லையென்றால் மற்றதை மாற்றுவதெல்லாம் வீண் செலவு.

வண்டியைக் கவிழ்த்து வை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நுழைகிற முன்குழாயும் சாய்வாக இறங்கும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்குக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தை விரலால் தடவு. பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தாலோ, குழாய் லேசாகப் புடைத்திருந்தாலோ, வண்டி எங்கேயோ நேராகப் போய் முட்டியிருக்கிறது. அங்கே முடி மாதிரி ஒரு கோடு ஓடினால் அது விரிசல். அந்த பிரேமில் இனி ஒரு குதியும் வேண்டாம். பின்சக்கர அச்சு உட்காரும் இரண்டு தகடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்றும் பார். ‘குரோமோலி’ (உறுதியான கலப்பு எஃகு) என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அப்படியே நம்பாதே. பல வண்டிகளில் கீழ்க்குழாய் மட்டும்தான் 4130 குரோமோலி, மற்றதெல்லாம் சாதாரண ஹைடென்சில் இரும்பு. பழகுவதற்கு அதுவும் போதும். கனமாக இருக்கும், பெரிய குதிகளில் சீக்கிரம் வளையும், அவ்வளவுதான். நீ எழுதியிருக்கிற அவளுடைய உயரத்துக்கு 20 அங்குலச் சக்கரமும், 20 அல்லது 20.25 அங்குல மேல்குழாயும் சரி.

இப்போது செயின். செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார். மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் சரி. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதே; பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும். எந்தப் பல்சக்கரமும் மிகத் துல்லியமான வட்டமாக உட்காராது. ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தொய்யும். இறுகும் இடத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் இருக்கும்படி வை. தளர்ந்தால் இறங்கும்போது கழலும். அளவுக்கு மீறி இழுத்தால் சக்கர நடுவிலுள்ள ஹப் பேரிங் நறநறக்கும், பெடல் சுற்றவே கனக்கும். நிறையப் பேர் செயின் கழன்ற கோபத்தில் இந்த இரண்டாவது தவறுக்குப் போய்விடுகிறார்கள்.

பின்சக்கர அச்சு 14 மிமீ என்றால் நட்டுக்கு 17 ஸ்பேனர் வேண்டும். இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயின் பக்க நட்டை லேசாக முடுக்கு. பிறகு டயரைக் கையால் தள்ளிப் பின்குழாய்களுக்கு நடுவே கொண்டுவந்து, அடுத்த பக்கத்தை முடுக்கு. கடைசியாக இரண்டையும் மாற்றி மாற்றி முழுதாக இறுக்கு. ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கினால் சக்கரம் கோணிக்கொள்ளும். இதெல்லாம் செய்தும் ஒரு வாரத்தில் செயின் தொய்ந்தால், அச்சு முன்னால் நழுவுகிறது என்று பொருள். நட்டின் உட்பக்கப் பல் தேய்ந்திருக்கும், அல்லது தகட்டில் கிரீஸ் படிந்திருக்கும். துடைத்துவிட்டு இறுக்கு, அப்போதும் நழுவினால் அச்சைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் செயின் டென்ஷனர் ஒன்று போடு.

சக்கரத்தைத் தகட்டின் கடைசிவரை இழுத்தும் தொய்வு போகவில்லையா? ஒரு கண்ணியை எடுத்தால் செயின் ஒரேயடியாகக் குட்டையாகிவிடும். அதற்குத்தான் ஹாஃப் லிங்க், அதாவது அரைக் கண்ணி. சாதாரணச் செயினில் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக வெட்ட முடியாது. ஹாஃப் லிங்க் ஒன்று சேர்த்தால் அரை அங்குலத்தில் சரிசெய்யலாம். செயினின் தேய்மானத்தையும் அளந்துவிடு. புதிதில் 24 அரை அங்குலப் படிகள் சேர்ந்தால் 305 மிமீ. அதுவே 308ஐத் தொட்டுவிட்டால் செயினை மாற்று. பல்சக்கரத்தின் பற்கள் சுறாப்பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் கூடவே மாற்று. பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் துள்ளும். முன்னால் 25, பின்னால் 9 பல் என்பது இப்போது பரவலான ஜோடி. பழைய 44க்கு 16ம் ஏறக்குறைய அதே விகிதம்தான், ஆனால் அந்தப் பெரிய பல்சக்கரம் திண்ணை விளிம்பிலும் கம்பியிலும் இடித்து வளையும்.

கிராங்க் (பெடல் மாட்டும் கை) முனகுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதை விட்டுவிடாதே. மூன்று துண்டுக் கிராங்க் என்றால் முதலில் நடு போல்ட்டை இறுக்கிப் பக்கவாட்டு ஆட்டத்தைப் போக்கு, அப்புறம்தான் கிராங்க் கையில் இருக்கும் பக்கவாட்டு போல்ட். வரிசை மாறினால் ஆட்டம் போகாது. ஆட்டத்தோடே ஓட்டினால் அச்சும் கையும் கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் பற்கள் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. ஒரே துண்டாக வளைத்த கிராங்க் என்றால் அவள் குதிக்கத் தொடங்கிய பின் அது வளைவது உறுதி. மாற்றும்போது பெடலையும் மாற்றவேண்டியிருக்கும்: ஒரே துண்டில் பெடல் மரை அரை அங்குலம், மூன்று துண்டில் 9/16. இடது பெடலுக்கு இடதுமரை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் அவசரத்தில் எல்லோரும் ஒருமுறை தப்பாகத் திருகுவார்கள். பிளாஸ்டிக் பெடலே வாங்கு. உலோகப் பெடலின் ஊசிகள் கணுக்காலை உரிக்கும்.

டயர் 2.3 அங்குல அகலம் என்றால் அவள் எடைக்கு 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஆரம்பித்துப் பார். ராம்ப்புக்கு (ஏறிக் குதிக்கும் சரிவுக்கு) இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்; பக்கச்சுவரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டாதே. காற்று குறைந்தால் ரிம் இரண்டு பக்கமும் கடித்து, ட்யூபில் பாம்புக்கடி மாதிரி இரட்டைத் துளை விழும். பின்பிரேக் வேண்டாம், அதுதான் ஸ்டைல் என்று அவளுடைய கூட்டாளிகள் சொல்வார்கள். சொல்லட்டும். நிறுத்தக் கற்றுக்கொள்ளும்வரை பிரேக் இருக்கட்டும். ஹேண்டில்பார் முழுச் சுற்று சுற்றினாலும் கேபிள் முறுக்கிக்கொள்ளாதிருக்க ஜைரோ இருக்கிறது. 1980களில் பிரையன் ஸ்குரா செய்த கருவி. ஹெல்மெட் பற்றி ஒரே வரி: பலமாக ஒரு விழுகை விழுந்துவிட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் புதிது வாங்கு.

படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தில் அவளும் வானமும் மட்டும்தான். ராம்ப்பையே வெட்டிவிட்டாய்! எங்கிருந்து ஏறினாள், எங்கே இறங்கப்போகிறாள் என்று தெரியாமல், ஆணியில் மாட்டிவைத்தது மாதிரி இருக்கிறது. பிஎம்எக்ஸ் படத்தின் எழுதாத விதியே புறப்பாடும் இறக்கமும் படத்துக்குள் இருக்கவேண்டும் என்பதுதான். கம்பியில் உரசிப்போவது என்றால் கம்பியின் இரு முனையும் தெரியவேண்டும். ஓட்டுகிறவர்கள் படத்தைப் பார்த்தவுடன் தேடுவது அதைத்தான், முகத்தை அல்ல. முட்டி போட்டு உட்கார்ந்து எடு. உயரம் தானாகக் கூடும். மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் வைத்திருந்தால் அரை மீட்டர் தூரம்வரை நெருங்கவேண்டும். தள்ளி நின்றால் அவள் எறும்பாகிவிடுவாள். நெருங்குவதும் இறங்கும் வழியில் நிற்பதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதே.

நிழலுருவத்துக்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவள் 1/250 நொடியில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறாள். உன் ஃபிளாஷ் அவளை ஒரு கணத்தில் உறையவைக்கிறது. ஆனால் வெயிலோ ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவளை எழுதிக்கொண்டே இருக்கிறது. ஷட்டரை இன்னும் வேகமாக்கினால் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்துவராது, படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஆகவே வெளிச்சத்தைக் குறை: நிழலில், அல்லது சூரியன் சாய்ந்த பிறகு எடு. ஃபிளாஷ் இல்லாமல் பார்த்தால் பின்னணி இரண்டு ஸ்டாப் (அதாவது கால்பங்கு வெளிச்சத்துக்கு) இருட்டாக வரும்படி வைத்துக்கொள். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, 1/250 என்று ஆரம்பித்து, இரண்டு சிறிய ஃபிளாஷ்களை 1/8 சக்தியில் வை. சிறிய ஃபிளாஷ்களில் சக்தி குறையக் குறைய மின்னும் நேரமும் சுருங்கும், அதனால் அசைவு கூர்மையாக வரும். ஒன்று உன் பக்கம் 45 டிகிரியில், மற்றொன்று அவளுக்குப் பின்னாலிருந்து விளிம்பு காட்ட. எதுவும் அவள் புறப்படும்போது கண்ணில் அடிக்கக்கூடாது. முதல் மின்னலுக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடு. பட்டப்பகலில் என்றால் ஃபிளாஷை மறந்துவிட்டு 1/1000க்கு மேல் போ.

ஃபோகஸ் ராம்ப்பின் நுனியில் முன்கூட்டியே வைத்து மேனுவலுக்கு மாற்று. ஃபிளாஷோடு பர்ஸ்ட் (படபடவென்று தொடர் படங்கள்) அடிக்காதே; அடுத்தடுத்த படங்களுக்குள் அது சார்ஜ் ஆகாமல் போகலாம். ஒரே அழுத்து, அதுவும் சரியான கணத்தில். பன்னிஹாப்பில் (ராம்ப் இல்லாமல் வண்டியோடு எம்பிக் குதிப்பது) முன்சக்கரம் மட்டும் எழுந்த நேரத்தில் எடுத்திருக்கிறாய். இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்துக்கு வந்து முழங்கால் மடங்கியிருக்கும் நொடிக்குக் காத்திரு. பின்னாளில் டெயில்விப் (ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பிரேமை மட்டும் சுழற்றும் வித்தை) அடித்தால், பிரேம் பாதிச் சுற்று போய்ப் பின்சக்கரம் முன்னால் வந்த கணம். கால் பெடலைத் தேடும்போது எடுத்தால் தவறவிட்டது போலத் தெரியும்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மோட்டோகிராஸைப் பார்த்துச் சிறுவர்கள் சைக்கிளில் மண்மேட்டில் பாய்ந்ததுதான் ஆரம்பம். 1976இல் பாப் ஆஸ்போர்ன் தொடங்கிய ‘பிஎம்எக்ஸ் ஆக்‌ஷன்’ பத்திரிகையில் அவர் மகள் விண்டி ஆஸ்போர்ன் படமெடுத்தார். பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் பெயர் வாங்கிய ஸ்பைக் ஜோன்ஸ் அதே நிறுவனத்தின் ‘ஃப்ரீஸ்டைலின்’ பத்திரிகைக்குப் படமெடுத்தவர்தான். அப்பா வேலைக்கு மகள் கேமரா பிடித்த கதை அது. உங்கள் வீட்டில் தலைகீழ்.

நான்காவது படம் அவள் விழுவது. படம் என்னவோ அபாரம்தான். ஆனாலும் அவளைக் கேட்காமல் யாருக்கும் காட்டாதே. மண்மேடு கட்டும் இடத்துக்குப் போனால் முதல் நாளே கேமராவை எடுக்காமல் மண்வெட்டியை எடு. ‘தோண்டாதவர் ஓட்டக்கூடாது’ என்பது அங்கே வழக்கம். மண் ஈரமாக இருந்தால் ஓட்டவே கூடாது, மேட்டின் நுனி உடைந்துவிடும்.

பதில் எழுதும்போது மூன்று எண்களைக் குறிப்பிடு: முன் பல்சக்கரத்தின் பற்கள், பின் பல்சக்கரத்தின் பற்கள், தகட்டின் கடைசியிலிருந்து அச்சு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. ஹாஃப் லிங்க் வேண்டுமா, செயினையே மாற்றவேண்டுமா என்று அதிலிருந்து சொல்லிவிடுவேன். அதுவரை அவள் தரையில் பன்னிஹாப் மட்டும் பழகட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்