நிலவறையை விட்டு வெளியே வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் கோர்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' நாவலுக்கு வந்த விமர்சனத்தை வாசித்தேன். உலகம் அழிந்துபோன பிறகு ஒரு தகப்பனும் மகனும் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு றோட்டால் நடந்து போகும் கதை. இரவில் வாசிக்க வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். சரி, நான் இரவில்தான் வாசித்தேன், அதுவும் கரண்ட் போன நேரம் பார்த்து. 2006இல் வந்து அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம், அது நல்ல நாவலா என்று வாதாட நான் வரவில்லை. விமர்சகர் பயத்தைத் தேடின இடம் பிழை, அதுதான் என் முறைப்பாடு.

பாதிக் கட்டுரையை அவர் அந்த நிலவறைக்கே கொடுத்துவிட்டார். தின்பதற்காக மனிதரை அடைத்துவைத்திருக்கும் வீடு, கொடூரம்தான். ஆனால் அதை வாசித்துவிட்டு நான் நித்திரை கொண்டேன். நித்திரையைக் கெடுத்தது குளியல் தொட்டி. 1:17க்கு மணிக்கூடுகள் நின்றுபோகின்றன, தூரத்தில் ஒரு வெளிச்சம், அந்தத் தகப்பன் போய் இரண்டு குழாயையும் திறந்து தொட்டியை நிரப்புகிறான், ஏன் இந்த நேரம் குளிக்கிறாய் என்று மனைவி கேட்கிறாள், குளிக்கவில்லை என்கிறான். அவ்வளவுதான். உலகத்துக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லாததை விமர்சகர் குறையாக எழுதியிருக்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் றோட்டில் நின்ற யாரையும் கேட்டுப் பாருங்கள். மழை, இருட்டு, வலிகாமம் முழுக்க, நாலைந்து லட்சம் சனம் என்பார்கள், ஒரே நேரத்தில் வெளிக்கிட்டு நகர முடியாமல் நிற்கிறது. எதுவரை போகவேணும், எப்ப திரும்புவோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது, சைக்கிள் கரியரில் கட்டின அரிசி நனையக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும். நாவலில் சாமான் வண்டியின் கைபிடியில் ஒரு மோட்டார்சைக்கிள் கண்ணாடியைப் பூட்டியிருப்பார்கள், பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்க. எங்களுக்குப் பின்னால் சனம் வந்தது ஆறுதலாக இருந்தது, அவர்களுக்கு அதுவே பயம்.

அப்புறம் அந்தக் கள்ளன். விமர்சனத்தில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை! கடற்கரையில் இவர்களுடைய சாமானை வண்டியோடு கொண்டுபோகிறான், துரத்திப் பிடிக்கிறார்கள். சாமானை வாங்கிக்கொண்டு விட்டிருக்கலாம். தகப்பன் கைத்துப்பாக்கியை நீட்டி உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, அந்தக் குளிரில் அவனை உரித்த கோழி மாதிரி றோட்டில் விட்டுவிட்டு வருகிறான். பெடியன் அழுது கெஞ்சி ஒருமாதிரித் திரும்பிப் போகிறார்கள், ஆளைக் காணவில்லை, உடுப்பை றோட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் அது. பிள்ளைக்காக எதுவும் செய்யக்கூடிய நல்ல மனிதன்தானே அந்தத் தகப்பன். அந்த இடப்பெயர்வில் நாங்கள் போய்ச் சேர்ந்த சாவகச்சேரியில் முன்பின் தெரியாத வீட்டுக்காரர் எங்களுக்கு விறாந்தையும் கிணறும் தந்தார்கள். ஒரு தேங்காய்க்கு வாய்க்கு வந்த விலை சொன்னவர்களும் அதே ஒழுங்கையில் இருந்தார்கள், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்தான். நிலவறைக்காரரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. இந்தத் தகப்பனைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, நாவலின் முடிவை ஏன் சொன்னீர்கள்? என் மருமகன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவன், உங்கள் இதழைப் பார்த்துவிட்டு, இனி எதுக்கு மாமா என்று வாசிக்காமலே திருப்பித் தந்துவிட்டான். முடிவைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் கட்டுரைக்கு மேலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வாசகர்,
கோண்டாவில்.