இரண்டு என்றால் இரண்டுதானே?

குடும்ப நல நீதிமன்றங்களின் நிர்வாகத்தைக் கவனிக்கும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு 17-வது முறையாக வாய்தா விழுந்தது. எதிர்மனுதாரரான கணவர் தன் வருமான, சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை. அவருடைய வக்கீல் டைம் கேட்டார், கிடைத்தது. காலை பத்து மணியிலிருந்து காத்திருந்த எனக்கு, உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற ஜீவனாம்ச வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பதில் பத்திரத்துக்கு அதிகபட்சம் 4 வாரம். அவகாசம் கேட்டால் 2 வாய்ப்புக்கு மேல் கிடையாது. அப்புறமும் வரவில்லையா, மனுதாரரின் பத்திரத்தையும் கோப்பில் இருப்பதையும் வைத்தே முடிவு செய்யலாம். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த 2-ஐ எல்லா நீதிமன்றங்களும் 2 என்றே எண்ணும்படி செய்யுங்கள்.

முதல் வாய்தாவின்போது நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "மனுதாரர்தான் சம்பாதிக்கிறாரே, ஜீவனாம்சம் எதற்கு?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. மனைவிக்கு வேலை இருப்பதாலேயே ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது, அது இருக்கட்டும். மாதாமாதம் வாய்தாவுக்காக லீவு போட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளிலேயே மூன்று முறை வாய்தா வந்தது. ஒன்பதாவது லீவுக்கு முதலாளி, "கோர்ட்டு வேலையை முடிச்சிட்டு வாம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதோடு வேலை போயிற்று. அடுத்த வாய்தாவில் அதே வக்கீல், "படித்தவர், வேண்டுமென்றே வேலையை விட்டுவிட்டார்" என்றார். என் வேலையைப் பறித்தது எந்தப் பத்திரத்துக்கான வாய்தாவோ, அந்தப் பத்திரம் இன்றுவரை வரவில்லை.

நீதிபதியைக் குறை சொல்லவில்லை. அவர் மேசையில் அடுக்கியிருக்கும் கட்டுகளைத்தான் 17 முறை பார்த்துவிட்டேனே.

ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுத் தருவார்களாம். தரட்டும். வீட்டு ஓனர் உத்தரவு வரும்வரை காத்திருப்பாரா? நிலுவை மலைபோல் சேர்ந்த பிறகு, "மொத்தமாக எப்படிக் கட்டுவேன்?" என்று எதிர்மனுதாரர் ஒரு மனு போடுவார். அதற்குத் தனியாக வாய்தாக்கள்.

ஜீவனாம்சம் பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. அதன்படி, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இடைக்கால மனுவை 'இயன்றவரை' முடிக்க வேண்டும். சட்டத்தின் பெயர் மாறியது, பிரிவின் எண் மாறியது. 'இயன்றவரை' மட்டும் பத்திரமாக இருக்கிறது. என்னுடைய 19 மாதங்களும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் அடங்கியிருக்கின்றன போலும்.

இதற்கிடையில் ஏதாவது ஒரு பிரபலத்தின் விவாகரத்துச் செய்தியில் கோடிகளைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன, லாட்டரிதான்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அந்த லாட்டரிச் சீட்டை வாங்க என் கையிலிருந்த இரண்டு வளையல்கள் அடகுக்குப் போனது அவர்களுக்குத் தெரியாது. அலைந்து அலைந்து நானே ஓய்ந்துபோய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன் என்பதுதான் எதிர்த்தரப்பின் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு கூட்டல். இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள்.

சரி, பணிவாகவே மறுபடி கேட்கிறேன். பத்திரம் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது, எத்தனை வாய்ப்பு கொடுத்தாயிற்று என்பதை ஒவ்வொரு வாய்தாவிலும் கோப்பின் மேலேயே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு முடிந்ததும், இருப்பதை வைத்து உத்தரவு வரட்டும். தொகையைக் கூட்டித் தரச் சொல்லவில்லை. எவ்வளவு என்று ஒரு உத்தரவு வந்தால் போதும்.

18-வது வாய்தா அடுத்த மாதம் 29-ஆம் தேதி. வேலை இல்லாததால் இந்த முறை லீவு கேட்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
பணிவுள்ள ஒரு மனுதாரர்