சாம்பல் நோய்க்கான வேப்பங்கொட்டையை ஆடியிலேயே சேர்த்துவையுங்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களின் வேளாண்மை விரிவாக்க மையங்களில் பணியாற்றும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே வயல் மண் மெழுகுபோல் ஈரமாக இருக்கும் பதத்தில் உளுந்து விதையைத் தூவிவிட்டு, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பி 70 நாளில் பயறு எடுக்கும் விவசாயிகளில் நானும் ஒருவன். அந்தப் பனிக்காலத்தில்தான் சாம்பல் நோயும் வருகிறது. மற்ற பல பூசணங்களைப் போல் இதற்கு மழையோ நனைந்த இலையோ தேவையில்லை. குளிர்ந்த இரவும் காற்றிலுள்ள ஈரப்பதமும் இருந்தாலே பரவிவிடும்.

முதலில் அடியிலைகளில் அரிசிமாவு சிந்தியதுபோல் ஒன்றிரண்டு வெண்புள்ளிகள் தெரியும். கட்டைவிரலால் துடைத்தால் மாவு விரலில் ஒட்டிக்கொள்ளும். அதன் கீழே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். அன்றே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றையோ, சோப்புக் கரைசல் கலந்த 3 சதவீத வேப்பெண்ணெயையோ தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளித்தால் நோயை அடக்கிவிடலாம். இலை முழுவதும் வெளுத்த பின் இவை பயன்படா. அந்த நிலையில் விவசாயி கடைக்கு ஓடி, கிடைக்கும் கடுமையான மருந்தை வாங்கி அடிப்பதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நானும் அப்படி ஓடியவன்தான். ஓர் ஆண்டு வேப்பெண்ணெய் தெளித்த நான்காம் நாளே, கடையில் சொன்னார்கள் என்று நனையும் கந்தகத் தூளை (தண்ணீரில் கலந்து தெளிப்பது) நண்பகல் வெயிலில் அடித்தேன். மூன்றே நாளில் இலை விளிம்புகள் கருகிப் பூக்கள் உதிர்ந்தன. கந்தகம் கெட்ட மருந்தன்று. திராட்சைக் கொடியின் சாம்பல் நோய்க்கு ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கடும் வெயிலிலும் அதை அடிக்கக்கூடாது என்பதை விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேம்பு பழுத்து உதிர்வது ஆனியிலும் ஆடியிலும். உளுந்துக்கு அது தேவைப்படுவது தை, மாசியில். சாறு எடுக்கும் கொட்டை குறைந்தது மூன்று மாதமாவது பழையதாக இருக்க வேண்டும், எட்டு மாதத்தைத் தாண்டவும் கூடாது என்று நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை தையில் சரியான பக்குவத்தில் இருக்கும். ஆனால் ஆடியில் எங்கள் ஊர்க் கோயில் திடலில் பழங்கள் மிதிபட்டுக் கிடக்கின்றன. தையில் கொட்டை தேடினால் ஒரு கிலோகூடக் கிடைப்பதில்லை.

ஆகவே, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் ஆடியிலேயே வேப்பங்கொட்டையை நியாயமான விலைக்கு வாங்கி, உளுந்து விதைக்கும் நாளில் விதையோடு சேர்த்து மையத்தில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 100 லிட்டர் கரைசலுக்கு, கொட்டையை உடைத்தெடுத்த வேப்பம்பருப்பு 5 கிலோ போதும். இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். விதைத்த 25ஆம் நாளிலிருந்து அடியிலைகளைத் திருப்பிப் பார்க்கும்படியும், சாற்றை மாலையில் தெளிக்கும்படியும் தமிழ்நாடு அரசின் உழவன் கைபேசிச் செயலியில் நினைவூட்டினால் பெரிய உதவியாக இருக்கும். எங்கள் ஊரில் கொட்டை சேகரிக்கும் பொறுப்பை இந்த ஆடியிலேயே ஏற்க நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்து உளுந்து விவசாயி ஒருவன்